‘நிலையான பதிப்பு’ ஏன் இழுக்கிறது? பீட்டாவைப் போடலாமா?

கேள்வி: நான் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் பட எடிட்டரின் புதிய பதிப்பு ‘விரைவில்’ என்று அறிவித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பீட்டா (சோதனைப் பதிப்பு) மேல் பீட்டாவாக வருகிறதே தவிர, நிலையான பதிப்பைக் காணோம். எனக்கு வேண்டிய வசதி அதில்தான் இருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம்? பீட்டாவிலேயே வேலையை ஆரம்பிக்கலாமா?

பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் பழையதை எடுத்துவிட்டு அல்ல. இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். லினக்ஸ் என்றால் ஆப்இமேஜ் கிடைக்கிறதா பாருங்கள். ஒரே கோப்பு, நிறுவும் வேலையே இல்லை. பீட்டாவை முதல்முறை திறக்கும் முன் உங்கள் செட்டிங்ஸ் ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள். சில மென்பொருள்களில் இரண்டு பதிப்பும் ஒரே ஃபோல்டரில்தான் எழுதும். பீட்டா அதில் கைவைத்தபின் பழையது திறக்காமலே போகலாம்.

அதைவிட ஆபத்து வேலைக் கோப்புகளில். கிம்ப் என்ற ஓப்பன் சோர்ஸ் பட எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3.0-இல் ஒரு ஃபில்டரைப் போட்டு, பிறகு மாற்றிக்கொள்ள வசதியாக அப்படியே விட்டுச் சேமித்தால், அந்த எக்ஸ்சிஎஃப் கோப்பை (கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகை) முந்தைய 2.10 திறக்காது. எனவே பீட்டாவில் எப்போதும் நகலையே திறங்கள்.

தாமதத்துக்கு வருவோம். அதே கிம்ப்பில் 2.10 வந்தது 2018 ஏப்ரலில், 3.0 வந்தது 2025 மார்ச்சில். திரையில் தெரியும் பட்டன், மெனுக்களை உருவாக்கும் ஜிடிகே என்ற நிரல் தொகுப்பின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு மாறியதால் மெனு, டயலாக், ப்ளக்இன் என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டியிருந்தது. புது வசதி எழுத ஆள் கிடைத்துவிடுவார். கடைசியில் மிஞ்சும் பிழைகளுக்குத்தான் கிடைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட டேப்லெட்டில், ஒரு குறிப்பிட்ட டிரைவரில் மட்டும் பேனா அழுத்தம் பதியவில்லை என்று வையுங்கள். புகார் ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வரியில் வரும். டெவலப்பரிடம் அந்த டேப்லெட் இருக்காது. என்ன டிரைவர் என்று கேட்டு, பதில் வந்து, பேட்ச் (திருத்த நிரல்) எழுதி, அதைச் சரிபார்க்க வேறொருவருக்கு ஓய்வு கிடைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலர் தயாரிப்பவர் பல திட்டங்களில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பரீட்சை வந்தால் ரிலீஸும் நிற்கும்.

திட்டமிடலிலும் கோளாறு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய வசதியோடு ரிலீஸைக் கட்டிப்போட்டால் அது முடியும்வரை எல்லாமே காத்திருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. புது இன்ஸ்டாலர் உட்பட பல வேலைகள் முடிந்து 3.1 வெளிவர 2005 ஜூன் ஆனது. இப்போது ஃப்ரீஸ் தேதிகளை, அதாவது புது மாற்றங்களை நிறுத்தும் தேதிகளை, முன்கூட்டியே சொல்கிறார்கள். கடும் பிழை தீராத பேக்கேஜை (அதில் அடங்கும் தனி மென்பொருளை) பெரும்பாலும் தூக்கிவிடுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இன்னும் கறார்: ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வாரம் மட்டுமே புதிய அம்சங்கள் ஏற்கப்படும், தவறவிட்டது அடுத்த பதிப்புக்குப் போகும்.

‘எப்போது வரும்?’ என்று பிழைப் பட்டியலில் கேட்காதீர்கள். அந்தப் பிழையைக் கவனிக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும், அவ்வளவுதான் நடக்கும். அந்தப் பதிப்பின் மைல்ஸ்டோனை (அதற்குள் முடிக்க வேண்டியவற்றின் பட்டியலை) திறந்து, ரிலீஸைத் தடுப்பவை என்று குறிக்கப்பட்ட பிழைகளை வாரம் ஒருமுறை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்து, மொழிபெயர்ப்பாளர்களுக்காக வாசகங்களையும் உறைய வைத்துவிட்டார்கள் என்றால் நெருங்கிவிட்டது. ரிலீஸ் கேண்டிடேட் (பிழை இல்லையென்றால் இதுவே இறுதி என்று விடும் பதிப்பு) வந்தாலும் நிலையானதை மறுநாளே எதிர்பார்க்க வேண்டாம்: கிம்ப் 3.0-க்கு முதல் கேண்டிடேட்டிலிருந்து நான்கு மாதம் ஆனது.

பீட்டாவில் பிழை கண்டால் முதலில் புது செட்டிங்ஸுடன் திறந்து, மறுபடி வருகிறதா பாருங்கள். வந்தால் பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள், சிறிய மாதிரிக் கோப்பு நான்கையும் சேர்த்துப் பதியுங்கள்.

நிலையானது வந்தபிறகும், நீங்கள் நம்பியிருக்கும் ப்ளக்இன்கள் அதற்கு மாறிவிட்டனவா என்று பார்த்துவிட்டே பழையதை நீக்குங்கள். கிம்ப் 2.10-க்கு எழுதிய ப்ளக்இன்கள் 3.0-இல் அப்படியே ஓடாது. முதல் திருத்தப் பதிப்புவரை பொறுப்பதும் நல்லது; 3.0 வெளியான ஒரு வாரத்திலேயே 3.0.2 வந்தது.