பொருள் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாள்தோறும் 20 ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. மறக்காத சொற்களையும் பேச்சில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் முறையில் என்ன தவறு? (கல்லூரி மாணவி)

பதில்: மறதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சிறிய சிக்கல்தான். ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளில்தான் மிக வேகமாக நடக்கிறது என்றும், அதன் பிறகு அந்த வேகம் தணிந்துவிடுகிறது என்றும் அவர் கண்டார். ஆகவே இன்று எழுதிய சொல்லை நாளை ஒருமுறையும், மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறையும், பிறகு இன்னும் சற்று இடைவெளி விட்டும் பாருங்கள். பார்க்கும்போது பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். வெறுமனே கண்ணை ஓட்டுவது படித்துவிட்டோம் என்ற நிம்மதியைத் தருமே தவிர, சொல்லைத் தராது. 20 சொற்களை 7 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் உங்கள் நோட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் என்று எழுதும்போது இரண்டும் சமம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நம்முடைய ‘பார்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ ஆகிய மூன்றுக்கும் உங்கள் நோட்டில் ‘பார்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். வரையறையைப் படித்தால் மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்கும். நாம் முயலாமலே ஒன்று கண்ணில் பட்டால் அது ‘ஸீ’. வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால் அது ‘லுக்’. அசைகிற, மாறுகிற ஒன்றைச் சிறிது நேரம் கவனித்திருந்தால் அது ‘வாட்ச்’. இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் பிடித்துவிடலாம்: ‘ஐ லுக்டு அட் தி ஸ்கை, பட் ஐ டிடின்ட் ஸீ தி மூன்.’ வானத்தைப் பார்த்தேன், நிலவு கண்ணில் படவில்லை. இதில் ‘லுக்’ என்ற சொல்லுக்குப் பின் ‘அட்’ வருகிறது, ‘ஸீ’க்குப் பின் அப்படி எந்த இணைப்புச் சொல்லும் வரவில்லை என்ற இலக்கணமும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. வரையறை சொல்லின் எல்லையைக் காட்டும். அந்த எல்லைக்குள் சொல் எப்படி நடமாடுகிறது என்பதை வாக்கியந்தான் காட்டும்.

கேள்வி: ஆங்கிலம்–ஆங்கில அகராதியைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு சொல்லைத் தேடினால் அதன் விளக்கத்தில் தெரியாத சொற்கள் மூன்று வருகின்றன. அவற்றைத் தேடப்போனால் வந்த வேலையே மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (அலுவலகப் பணியாளர்)

பதில்: இது உங்கள் குறை அன்று, அகராதியைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதிகள், எளிய சொல்லையும் நுட்பமாக வரையறுக்க முனைந்து கடினமாக்கிவிடுவது உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லின் விளக்கத்தில் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெகஸேட்டட்’, ‘இன்டர்ஸ்டிஸஸ்’ என்ற சொற்கள் வருகின்றன. வலை என்றால் என்ன என்று கேட்டவரை வலைக்குள்ளேயே சிக்கவைத்த விளக்கம் அது.

உங்களுக்கு வேண்டியது, கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதி. வங்காளத்தில் ஆங்கிலக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், 1935இல் வெளியான தம் அகராதியில் 1,490 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 24,000 பதிவுகளுக்கு விளக்கம் எழுதினார். அந்த அடிப்படைச் சொற்களை அறிந்தவர் எந்த விளக்கத்தையும் தடுக்கி விழாமல் படித்துவிடலாம் என்பதே அதன் திட்டம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் தொகுத்த அகராதி, வினைச்சொற்கள் எந்தெந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்துக் காட்டியது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ‘நீங்கள் ஒருவருக்கு ஒரு பொருளை லெண்ட் செய்தால், சிறிது காலம் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும்படி கொடுக்கிறீர்கள்’ என்பது போன்ற நடையில். யார் கொடுப்பது, யாருக்கு, எதை, எவ்வளவு காலத்துக்கு என்பதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது பாருங்கள்.

இன்று கிடைக்கும் மாணவர் அகராதிகளில் பெரும்பாலானவை, அச்சிலும் சரி கைப்பேசியிலும் சரி, இந்த மரபில் வந்தவையே. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து சொற்களைத் தேடி, அவற்றின் விளக்கங்கள் தடையின்றிப் புரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்த சொல்லின் விளக்கமே புரியாத அகராதி, தெரியாத சொல்லுக்கு உதவப்போவதில்லை.

கேள்வி: அப்படியானால் தமிழ்ப் பொருள் பார்ப்பதே தவறா? (இல்லத்தரசி)

பதில்: தவறே இல்லை. ‘அவுல்’ என்பதற்கு ஆங்கில விளக்கம் தேடினால் பெரிய கண்கள், இரவில் வேட்டை, தட்டையான முகம் என்று இரண்டு வரி படிக்க வேண்டும். ‘ஆந்தை’ என்ற ஒரு சொல் போதும். கண்ணால் காணும் பொருள்களுக்குத் தமிழே குறுக்கு வழி. மனநிலை, செயல், உறவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்குத்தான் வரையறை தேவைப்படுகிறது. ‘ஹெசிடன்ட்’, ‘ரிலக்டன்ட்’ இரண்டுக்கும் ‘தயக்கம்’ என்று எழுதினால், முன்னது என்ன செய்வதென்ற உறுதி இல்லாத தயக்கம், பின்னது செய்ய மனமில்லாத தயக்கம் என்ற வேறுபாடு காணாமல் போய்விடும்.

கேள்வி: எடுத்துக்காட்டு வாக்கியங்களை அகராதியிலிருந்து எடுத்து எழுதுவதா, சொந்தமாக எழுதுவதா? சொந்தமாக எழுதினால் பிழையாகிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்)

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் அகராதியின் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பிறகு அதன் எலும்புக்கூட்டை மாற்றாமல், ஆளையும் இடத்தையும் மட்டும் உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு மாற்றி இன்னொன்று எழுதுங்கள். எலும்புக்கூட்டைத் தொடாதவரை பிழைக்கான வாய்ப்பு மிகக் குறைவு. முதல் வாக்கியத்தையே சொந்தமாக எழுத முயலும்போதுதான் தமிழ் அமைப்பு உள்ளே புகுந்துவிடுகிறது. நாம் ஒன்றை‘ப் பற்றி’ விவாதிக்கிறோம். எனவே ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று கை தானாக எழுதிவிடும். ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருப்பதால் ‘வி டிஸ்கஸ்டு தி பிளான்’ என்றால் போதும். இதை நான் சொல்வதற்குத் தகுதி உண்டு: பணியில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் அந்த ‘அபவுட்’ இருந்தது. மூத்த அதிகாரி ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் பென்சிலால் அதை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். மூன்றாவது வட்டத்துக்குப் பிறகுதான் அகராதியைத் திறந்தேன்.

சொற்கள் தமக்குத் துணையாகத் தேர்ந்துகொள்ளும் சொற்களையும் வாக்கியத்தில்தான் பிடிக்க முடியும். தமிழில் மழையும் ‘பலத்த’ மழை, காற்றும் ‘பலத்த’ காற்று. ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. ஏன் என்று கேட்டுப் பயனில்லை, வழக்கு அப்படி. அதனால் நோட்டில் ‘ஹெவி’ என்று தனியாக எழுதாமல் ‘ஹெவி ரெயின்’ என்றே எழுதுங்கள். ‘அட்வைஸ்’ போன்றவையும் அப்படியே. நமக்கு ‘ஓர் அறிவுரை’ இயல்பு. ஆங்கிலத்தில் அது எண்ணிக்கைக்குள் வராத சொல், எனவே ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’.

எழுதிய வாக்கியம் நல்லதா என்று அறிய, கற்ற சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தைக் கோடிட்டுப் பாருங்கள். ‘திஸ் இஸ் ஃப்ரஜைல்’ என்ற வாக்கியத்தில் அந்தச் சொல்லை அழித்தால், அங்கே அழகு, பெரிது, பழையது என எதை வேண்டுமானாலும் போடலாம். அது சொல்லைப் பற்றி எதுவும் சொல்லாத வாக்கியம். ‘தி கிளாஸ் இஸ் ஃப்ரஜைல், ஸோ கேரி இட் வித் போத் ஹேண்ட்ஸ்’ என்று எழுதினால், கோடிட்ட இடத்தில் எளிதில் உடையக்கூடியது என்ற பொருளைத் தவிர வேறொன்றை வைப்பது கடினம். ஒரு மாதம் கழித்து நோட்டைத் திறக்கும்போது விளக்கத்தைப் பாராமலே சொல் நினைவுக்கு வருவது இத்தகைய வாக்கியத்தால்தான்.

கேள்வி: ஆங்கில நாளிதழ் படிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றையும் உடனே தேட வேண்டுமா? (பணி ஓய்வு பெற்றவர்)

பதில்: வேண்டாம், ஐயா. செய்தியின் போக்கை வைத்துப் பொருளை ஊகித்து, சொல்லுக்கு அடியில் மெல்லிய கோடு மட்டும் போட்டுவிட்டுப் படித்து முடியுங்கள். அதே சொல் இரண்டாம் முறை எதிர்ப்பட்டால் அப்போது அகராதியைத் திறந்து, உங்கள் ஊகம் சரியா என்று பாருங்கள். ஊகித்துத் தவறிய சொல்லே அதிகமாக நினைவில் நிற்கும் என்பது என் அனுபவம். தலைப்பில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு; அதை உடனே தேடிவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ள செய்தி முழுவதும் பிடிபடாமலே போகலாம்.