கேளுங்க சொல்றேன்: யானைங்க காட்டுக்குள்ள ஒரு அருவி

போன இதழ்ல தாய்லாந்து காவ் யாய் தேசியப் பூங்கா பத்தியும் அங்க இருக்கற அருவிங்க பத்தியும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல, எல்லாத்துக்கும் இடம் இல்ல, அடிக்கடி வந்த கேள்விங்களை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அடுத்த மாசம் பாங்காக்ல அஞ்சு நாள் இருக்கோம் மேடம். மால், கோயில், படகு எல்லாம் பிளான் பண்ணியாச்சு. ஒரு நாள் காட்டுக்குள்ள அமைதியா ஒரு அருவி பாக்கணும். ஒரே நாள்ல போயிட்டு வரமுடியுமா? எந்த அருவி? (வாசகி, சென்னை)

முடியும், ஆனா ராத்திரி பாக் சோங் ஊர்ல தங்கிட்டுப் போனீங்கன்னா இன்னும் நல்லாருக்கும். பாங்காக்ல இருந்து பாக் சோங்குக்கு ரயிலும் இருக்கு வேனும் இருக்கு, ஏறக்குறைய மூணு மணி நேரம் ஆகும். பாக் சோங்ல இருந்து பூங்கா கேட் வரைக்கும் சோங்தேவ் ஓடும், நம்ம ஊரு ஷேர் ஆட்டோவைப் பெருசாக்குன மாதிரி பின்னாடி ரெண்டு பெஞ்ச் போட்ட வண்டி. ஆனா பூங்காவுக்குள்ள பஸ் கிடையாது, கேட்ல இருந்து விசிட்டர் சென்டரே 14 கிலோமீட்டர் மலைமேல இருக்கு, அதனால கார் எடுத்துக்கோங்க, இல்லைன்னா கைடோட போங்க. கேட் காலைல 6 மணிக்குத் திறப்பாங்க. நான் போனப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் 400 பாட்.

காவ் யாய்னா பெரிய மலைன்னு அர்த்தம். 1962ல அறிவிச்ச தாய்லாந்தோட முதல் தேசியப் பூங்கா இது, 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல காடு, 2005ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு. அருவின்னாலே எல்லாரும் ஓடறது ஹேவ் சுவாட்டுக்குத்தான், ஒரு ஹாலிவுட் படத்துல வந்ததால அதுக்கு அவ்வளவு பேரு, சனி ஞாயிறு பாங்காக்கே அங்கதான் நிக்கும். உங்களுக்கு அமைதி வேணும்னா பா குளுவாய் மாய் போங்க. சின்ன அருவிதான், ஒசரத்துல ஒண்ணும் இல்ல, லாம் தகோங் ஆறு பாறைங்க மேல படிப்படியா இறங்கி வரும், பக்கத்துப் பாறைங்கள்ல சிவப்பு ஆர்க்கிட் பூக்கறதால அந்தப் பேரு. அங்க கேம்ப் போடற இடத்துல இருந்து ஆத்தை ஒட்டியே ஒரு நடைபாதை, சுமார் 3 கிலோமீட்டர் நடந்தா ஹேவ் சுவாட்லயே போய் முடியும். வார நாள்ல காலைலயே கிளம்புனீங்கன்னா வழியில ஆளே இருக்கமாட்டாங்க, நான் போனன்னைக்கு எதிர்ல வந்தது ஒரு வயசான தம்பதி மட்டும்தான், அவங்களும் பேசாம கையை மட்டும் கூப்பிக் கும்பிட்டுட்டுப் போனாங்க.

மாசம்னு கேட்டா செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் தண்ணி நல்லாருக்கும். மார்ச் ஏப்ரல்ல போனா பாறைதான் நிறைய தெரியும்.

அக்கா, நாங்க குத்தாலத்துக்காரங்க, அருவின்னா தலையைக் குடுத்து நிக்கணும். அங்க குளிக்கலாமா? (வாசகர், தென்காசி)

தம்பி, மெயினருவில நின்னு வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாதான் இருக்கு, ஆனா குளிக்கமுடியாது. ஹேவ் சுவாட்ல தடை, போர்டே வச்சிருக்காங்க, மேல பாக்க குளம் மாதிரி அமைதியா இருக்கும் ஆனா அடியில ஆழமும் இழுப்பும் ஜாஸ்தி. பா குளுவாய் மாய் பக்கத்துல முதலை இருக்கு. கதை இல்ல, சயாமீஸ் முதலைன்னு உலகத்துலயே ரொம்ப அருகிப்போன இனம், அது அந்த ஆத்துல இருக்கு, எச்சரிக்கை போர்டும் இருக்கு.

இன்னொண்ணு, அந்த லாம் தகோங் ஆறு கீழ ஒரு அணைக்குப் போய் கோராட் நகரத்துக்குக் குடிதண்ணியா போகுது, அதுக்கு அப்புறம் மூன் ஆத்துல சேர்ந்து மேகோங் வரைக்கும் போகுது. நாம ஷாம்பு போட்டுக் கலக்குற தண்ணியை அங்க ஒருத்தர் குடிப்பாரு, அதுக்கு முன்னாடி மீனும் தவளையும் குடிக்கும். பாறை மேல உக்காந்தீங்கன்னா சாரல் மூஞ்சில அடிக்கும், அது போதும், நிஜமா போதும்.

பாறைல உக்காந்திருக்கும்போது தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்குச்சுன்னாலோ இலை சுள்ளி எல்லாம் மிதந்து வந்தாலோ சத்தம் ஏறுனாலோ உடனே எந்திரிச்சு மேட்டுக்குப் போயிடுங்க. உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சாலும் மேல மலைல மழை பெஞ்சிருக்கும், காட்டாத்துக்கு அது போதும். குத்தாலத்துல ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி வந்தா போலீஸ்காரங்க விசில் அடிப்பாங்க, அங்க உங்களுக்கு நீங்கதான் விசில்.

நரகம்னு ஒரு அருவி இருக்காமே, அதுல யானைங்க விழுந்து செத்துச்சுன்னு கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், கோவை)

உண்மை. ஹேவ் நரோக்னு பேரு, நரோக்ங்கறது நம்ம நரகம்தான், ஒரே சொல்லு, ஹேவ்னா பாதாளம் மாதிரி. மூணு அடுக்கா மொத்தம் சுமார் 150 மீட்டர் விழற அருவி, பூங்காவோட தெக்குப் பக்கம் பிராசின்புரி போற ரோட்டுல இருக்கு.

2019 அக்டோபர் 5ஆம் தேதி அங்க யானைக் கூட்டம் ஒண்ணு வெள்ளத்துல இழுத்துட்டுப் போயி விழுந்துடுச்சு. முதல்ல 6 உடல், அதுல ஒண்ணு 3 வயசுக் குட்டி. குட்டி வழுக்கி விழ, அதைக் காப்பாத்தப் போய்தான் மத்ததும் போச்சுன்னு அன்னைக்குச் சொன்னாங்க. விளிம்புல தவிச்சுக்கிட்டு நின்ன ரெண்டு யானையை மட்டும் மீட்டாங்க. அப்புறம் ட்ரோன் விட்டுத் தேடினா கீழ இன்னும் 5, ஆக மொத்தம் 11. இதுக்கு முன்னாடி 1992லயும் அதே இடத்துல 8 யானைங்க இப்படிப் போயிருக்கு. நான் அங்க நின்னப்ப நல்ல மழைத் தண்ணி, கைப்பிடிக் கம்பியே அதிர்ந்துச்சு, எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு போனை எடுக்க மனசே வரல, அந்தக் குட்டிதான் கண்ணுல நின்னுச்சு. யானைங்களுக்கு அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்ல, தினமும் ஆத்தைக் கடக்கற வழி, அவ்வளவுதான்.

அதனால ரோட்டுல யானை வந்தா தயவுசெஞ்சு ஹாரன் அடிக்காதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க, வண்டியை விட்டு இறங்காதீங்க. குறைஞ்சது 30 மீட்டர் தள்ளி நில்லுங்க, இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க, கிட்ட வந்தா மெதுவா ரிவர்ஸ் எடுங்க. வால்பாறை ரோடு பழகுனவங்களுக்கு இது தெரியும்.

அட்டைக்கு என்ன பண்றது? நினைச்சாலே உடம்பு கூசுது. (வாசகி, ஈரோடு)

மழைக்காலத்துல அட்டை இருக்கும், மறைக்க வேணாம். விசிட்டர் சென்டர்ல அட்டை சாக்ஸ் கிடைக்கும், முட்டி வரைக்கும் வர்ற துணிப் பை மாதிரி, பேன்ட்டை அதுக்குள்ள விட்டுக் கட்டிக்கோங்க. கடிச்சிடுச்சுன்னா பதறிப் பிச்சு இழுக்காதீங்க, நெருப்பும் வைக்காதீங்க, நகத்தை வாய்ப் பக்கம் தோலோட ஒட்டி வச்சு அப்படியே பக்கவாட்டுல தள்ளுனா விட்டுடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அட்டை எச்சில்ல ரத்தம் உறையாம பண்ற பொருள் இருக்கு அதனாலதான், கழுவிட்டு துணியை அழுத்திப் பிடிங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் முன்னாடியே டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க.

பசங்க ப்ளூடூத் ஸ்பீக்கர் எடுத்துட்டு வருவேன்னு அடம் பிடிக்கறாங்க. சும்மா அருவியைப் பாத்துக்கிட்டே இருந்தா போரடிக்குமாம். (வாசகர், திருச்சி)

எடுத்துட்டுப் போகாதீங்க சார், இது ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். காலைல அந்தக் காட்டுல கிப்பன் பாடும், வாலில்லாத குரங்கு, ஆணும் பெண்ணுமா மாத்தி மாத்தி ஊஊன்னு ஏத்திக்கிட்டே போகும், கேட்டா புல்லரிக்கும். வெள்ளைக்கை கிப்பன், தொப்பிக் கிப்பன்னு ரெண்டு இனம் இங்க எல்லை சேர்ந்து இருக்கு. இருவாச்சி நாலு வகை இருக்கு, அதுல பெரிய இருவாச்சி நம்ம ஆனைமலைல இருக்கற அதே பறவைதான், தலைக்கு மேல பறக்கறப்ப றெக்கைச் சத்தம் பழைய கரி இன்ஜின் மூச்சு விடற மாதிரி கேக்கும். ஸ்பீக்கர் போட்டா இதுல ஒண்ணுகூட காதுல விழாது. பசங்ககிட்ட ஒரு விளையாட்டு சொல்லுங்க, அருவிச் சத்தம் முதல்ல யாருக்குக் கேக்குதோ அவங்க கையைத் தூக்கணும், அதுக்காகவே வாயை மூடிக்கிட்டு நடப்பாங்க, என் அக்கா பசங்க நடந்தாங்க.

சைவ சாப்பாடு? (வாசகி, கும்பகோணம்)

"ஜே"ன்னு கேளுங்க, சுத்த சைவம்னு புரிஞ்சுக்குவாங்க, இல்லைன்னா காய்ல கூட மீன் சாஸ் ஊத்திடுவாங்க. பாக் சோங்லயே வாங்கி டப்பால கட்டிக்கோங்க, ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக்கும் ஃபோமும் பூங்காவுக்குள்ள கூடாது. குப்பையைத் திருப்பிக் கொண்டு வந்துடுங்க. 2020ல கேம்ப்ல குப்பை போட்டுட்டுப் போனவங்களுக்கு அதையே பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க, கேஸும் போட்டாங்க, அப்போ சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த வராவுட் சில்பா ஆர்ச்சாவே அதை வெளிய சொன்னாரு. நல்ல வேலை பண்ணாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் வடக்கே "நான்"ங்கற பேர்ல இருக்கற மாகாணத்துல ஒரு மான் செத்து, வயித்துல 7 கிலோ குப்பை எடுத்தாங்க. குரங்கு கையை நீட்டுனாலும் எதுவும் குடுக்காதீங்க.

அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. கூட்டிட்டு வரலாமா? (வாசகி, மதுரை)

தாராளமா. ஹேவ் நரோக்கை மட்டும் விட்டுடுங்க, கார் நிறுத்தற இடத்துல இருந்து நல்ல தூரம் நடக்கணும், அப்புறம் செங்குத்தா 200 படிக்குப் பக்கம் இறங்கி திரும்ப ஏறணும், முட்டிக்கு ஆகாது. ஹேவ் சுவாட்ல காரை விட்டு இறங்கி கொஞ்சம் நடந்தாலே மேல இருந்து அருவி நல்லாத் தெரியும், கீழ இறங்கற படி அவங்களுக்கு வேணாம். ஒரு குச்சி, ஒரு ஸ்வெட்டர், பிளாஸ்க்ல காபி எடுத்துக்கோங்க. மழைக்காலத்துல மத்தியானத்துக்கு மேல மேகம் கூடிடும், அதனால காலைல கேட் திறந்தவுடனே அம்மாவைக் கூட்டிட்டு நேரா அங்க போயிடுங்க, நீங்க 3 கிலோமீட்டர் நடக்கறதை அப்புறம் வச்சுக்கலாம்.