ஹுங் கார்: புலியும் கொக்கும் இரும்புக் கம்பியும் – கேள்வி பதில்

தென் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் வளர்ந்த ஹுங் கார் குங்ஃபூ பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

1991-இல் வந்த படத்தில் ஜெட் லீ, ஹுங் காரின் புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபெய் ஹுங்காக நடித்தாரே. அவர் அதில் காட்டுவதுதான் ஹுங் காரா?

இல்லை. ஜெட் லீ பெய்ஜிங் அணியில் வளர்ந்த வூஷூ வீரர். வூஷூ என்பது போட்டி விளையாட்டாக மாறிய சீனச் சண்டைக் கலை. உயரத் தாவுவதும் காற்றில் சுழன்று உதைப்பதும் அவருக்குக் கைவந்த கலை. ஹுங் காரில் கால் அவ்வளவு எளிதில் தரையை விட்டுக் கிளம்பாது. தாழ்ந்து நிற்பார்கள். வரும் கையை முன்கையாலேயே முறித்துக்கொண்டு உள்ளே போவார்கள். உதை இடுப்புக்கு மேலே போவது குறைவு.

திரையில் அசல் ஹுங் காரைப் பார்க்க வேண்டுமென்றால், லாவ் கார் லியுங் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் பட நிறுவனத்துக்காக 1970, 80-களில் இயக்கிய படங்களைத் தேடிப் பாருங்கள். அவருடைய அப்பா லாவ் சாம், லாம் சாய் விங்கின் மாணவர். அந்த லாம் சாய் விங், வோங் ஃபெய் ஹுங்கிடமே நேரில் கற்றவர். 1949-இல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் குவான் டக் ஹிங் வோங் ஃபெய் ஹுங்காக நடித்தார். அந்தப் படங்களில் அப்பா, பிள்ளை இருவருமே வேலை செய்திருக்கிறார்கள். ஒரு கலையின் பரம்பரையே சினிமாவுக்குள் வந்து உட்கார்ந்த அபூர்வம் இது.

ஹுங் காரில் மொத்தம் எத்தனை வடிவங்கள்? எல்லாவற்றையும் கற்க எவ்வளவு காலம் பிடிக்கும்?

வடிவம் என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். பள்ளிக்குப் பள்ளி எண்ணிக்கை மாறும். ஆனால் லாம் சாய் விங் வழிவந்தவர்களுக்குத் தூண்கள் நான்குதான்: புலியை அடக்கும் ஃபூக் ஃபூ, புலியும் கொக்கும் சேர்ந்த ஃபூ ஹொக், ஐந்து விலங்குகளின் ங் யிங், கடைசியில் இரும்புக் கம்பி எனப்படும் திட் சின். இவற்றோடு நீள்கோல், வண்ணத்துப்பூச்சிக் கத்திகள், புலிச் சூலம், நீண்ட கைப்பிடி கொண்ட குவான் தாவ் வாள் என்று ஆயுதங்கள் தனி.

முதல் வடிவமான ஃபூக் ஃபூவின் முழுப்பெயர் குங் ஜி ஃபூக் ஃபூ. காலடித் தடம் தரையில் 'குங்' என்ற சீன எழுத்தைப் போல, மேலும் கீழும் இரண்டு கோடு, நடுவில் ஒரு கோடு என்று போவதால் அந்தப் பெயர். அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி நிற்கும் குதிரை நிலையில் இறங்கி அமர்ந்தாயிற்று. இரு கைகளும் விலாவின் பக்கத்தில். ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்திருக்கிறது, மற்ற விரல்கள் மடங்கியிருக்கின்றன. முழங்கையைக் கீழே அமிழ்த்தியபடி இரு கைகளையும் மிக மெதுவாக முன்னே தள்ளுகிறார் செய்பவர், மூச்சும் கூடவே போகிறது. முன்னால் யாரோ நின்று தடுப்பது போன்ற இறுக்கம் முன்கை முழுக்க இருக்கும். திரும்ப இழுத்து, மறுபடி தள்ளுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. செய்பவருக்கோ தொடை நடுங்கும், தோள் எரியும்.

இந்த முன்கையைத்தான் அவர்கள் பாலம் என்கிறார்கள். உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவே முதலில் தொடுவது அதுதான். அந்தப் பாலத்துக்குப் பன்னிரண்டு குணங்கள் சொல்வார்கள்: கடினம், மென்மை, நெருக்குதல், நேர், பிரித்தல், நிலைநிறுத்தல், அங்குல வேகம், தூக்குதல், பிடித்து வைத்தல், நகர்த்துதல், கட்டுப்படுத்துதல், ஈடு கொடுத்தல். என் பார்வையில் ஹுங் காரின் சாரமே இதுதான். இந்தப் பன்னிரண்டையும் ஃபூக் ஃபூ ஒன்றிலேயே தேட முடியும். அதனால் 'அடுத்த வடிவம் எப்போது?' என்று அவசரப்படாதீர்கள். நான்கே வடிவங்களை ஆயுள் முழுக்கச் செய்தவர்கள்தான் இந்தக் கலையைக் காப்பாற்றித் தந்தார்கள்.

புலி நகம் என்றால் விரல்களால் கீறுவதா?

முதல் அடி உள்ளங்கையின் அடிப்பகுதியால். விரல்கள் முதல் இரண்டு கணுக்களில் மடங்கி, உள்ளங்கை முன்னே தள்ளி நிற்கும். அடி விழுந்த பிறகுதான் விரல்கள் பிடிக்கும், இழுக்கும். கொக்கு நேர் எதிர்: ஐந்து விரல் நுனியையும் குவித்து கண், நெற்றிப்பொட்டு போன்ற இடங்களைக் கொத்துவது. வளைந்த மணிக்கட்டின் பின்புறம் தடுப்புக்கும் ஆகும். புலி எலும்பை வளர்க்கும், கொக்கு உயிர்ச்சாரத்தை வளர்க்கும் என்பது அவர்கள் வாக்கு. சிறுத்தை பலத்துக்கு, பாம்பு மூச்சாற்றலுக்கு, டிராகன் மனத்துக்கு.

வோங் ஃபெய் ஹுங்கின் பெயரோடு சொல்லப்படும் நிழல் தெரியாத உதை உண்மையா?

உதை உண்மை, மாயம் கதை. மேலே இரு கைகளும் முகத்தை நோக்கிப் போகும்போது கீழே தாழ்வான ஓர் உதை சேர்ந்து வரும். கண் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கால் தெரியாது, அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே ஷாவோலினில் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்? ஹுங் காருக்கும் மூலம் தமிழன்தானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இதைக் கேட்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆதாரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்ட லுவோயாங் மடாலயங்கள் பற்றிய நூலில் போதிதர்மர் வருகிறார். மேற்கிலிருந்து வந்த துறவி, ஒரு பெரிய கோபுரத்தைப் பார்த்து வியக்கிறார். அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சொல்வது டான்லின் எழுதிய முன்னுரை. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அவரைப் பயிற்சிகளோடு முடிச்சுப் போட்ட யீஜின் ஜிங் என்ற தசைநார்ப் பயிற்சி நூல் 1624-ஐச் சேர்ந்தது, அதாவது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. அதன் முன்னுரைகள் போலி என்று டாங் ஹாவ் போன்ற சீன ஆய்வாளர்களே 1930-களில் எழுதிவிட்டார்கள்.

ஷாவோலின் துறவிகள் போரிட்டது பொய்யல்ல. 621-இல் அவர்கள், பின்னாளில் டாங் பேரரசரான லி ஷிமினுக்குப் போரில் உதவியதை 728-இல் நாட்டிய கல்வெட்டு சொல்கிறது. ஆனால் ஹுங் கார் அங்கிருந்து நேராக வந்தது என்பதும் கதைதான். தென் ஷாவோலின் மடம் எரிந்தது, சி சின் என்ற துறவி தப்பினார், அவரிடம் தேயிலை வியாபாரி ஹுங் ஹெய் குன் கற்றார் என்பார்கள். சிங் பேரரசை எதிர்த்த ரகசியச் சங்கங்களின் கதைகளோடு பின்னிப் பிணைந்து வந்தது இது. போதிதர்மருக்குரிய இடம் சான் பௌத்தம், ஜப்பானில் ஜென் என்று அறியப்படுவது. அதுவே பெரிய இடம்.

வோங் ஃபெய் ஹுங் தவிர யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் லாம் சாய் விங். பன்றிக்கறி வியாபாரம் செய்தவர். வடிவங்களைப் படங்களோடு புத்தகமாக அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். ரகசியமாகவே வைத்திருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம். அவர் வளர்த்த உறவுப்பிள்ளை லாம் சோ (1910–2012), ஹாங்காங்கில் எலும்பு வைத்தியமும் குங்ஃபூவும் சேர்த்தே நடத்தினார். இந்த இரட்டைத் தொழில் வோங் ஃபெய் ஹுங்கிடமிருந்தே வருவது. குவாங்சோவில் வோங் நடத்திய போ சி லாம் ஒரு வைத்தியசாலை. 1924-இல் வணிகர் படைக் கிளர்ச்சியின்போது அது எரிந்துபோனது.

அப்புறம் மோக் குவாய் லான். வோங் ஃபெய் ஹுங்கின் கடைசி மனைவி. கணவர் இறந்த பிறகு ஹாங்காங் வந்து பல பத்தாண்டுகள் பயிற்சி கொடுத்தார். பரம்பரைப் பட்டியல்களில் இந்த அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

குதிரை நிலையில் நின்றால் முட்டி வலிக்கிறது. வயது 43. விட்டுவிடலாமா?

வேண்டாம், முதலில் நிலையைச் சரிசெய்யுங்கள். பாதங்கள் இணையாக, முட்டி பாத விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். முட்டி உள்பக்கம் சாய்வதால்தான் பெரும்பாலும் வலி. தொடை தரைக்கு இணையாக இறங்குவது பின்னால் தானாக வரும், இப்போது பாதி உயரமே போதும். தொடை எரிந்தால் பரவாயில்லை, தொடர்ந்து நில்லுங்கள். மூட்டுக்குள் வலித்தால் உடனே எழுந்துவிடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் மூட்டு வலி நிற்கவில்லையென்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முன்கையைக் கெட்டியாக்க மரத்தில் மோதிப் பழகலாமா?

தனியாக வேண்டாம். ஹுங் காரில் இதற்கு 'மூன்று நட்சத்திரம்' என்ற இருவர் பயிற்சி இருக்கிறது. எதிரெதிரே நின்று முன்கையின் மூன்று இடங்களை மாற்றி மாற்றி மோதுவார்கள். மெதுவாகத் தொடங்கி, முடித்ததும் மூலிகைத் தைலம் தேய்ப்பார்கள். எலும்பு பழக மாதங்கள் ஆகும், வீங்கினால் நிறுத்த வேண்டும்.

இரத்த அழுத்தம் உள்ளவர் திட் சின் செய்யலாமா?

காணொளியைப் பார்த்துச் செய்யவே கூடாது. இது உடம்பை இறுக்கி, ஒலி எழுப்பி, மூச்சை வழிநடத்தும் வடிவம். 'இரும்புப் பாலம்' என்று பெயரெடுத்த திட் கியூ சாமிடமிருந்து, அவர் மாணவர் லாம் ஃபூக் சிங் வழியாக வோங் ஃபெய் ஹுங்குக்கு வந்தது. இறுக்கும்போது மூச்சை அடைத்துவிட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். புதியவர்கள் எல்லோரும் அடைப்பார்கள், அதனால்தான் இதைக் கடைசியில் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் மருத்துவர் சரி என்றால் ஃபூக் ஃபூவை இறுக்கமில்லாமல், இயல்பாக மூச்சு விட்டுச் செய்யுங்கள். திட் சின் உங்களுக்கு வேண்டாம்.