முதுகில் பை, கையில் பை, கீழே ஒற்றைச் சக்கரம்

கேள்வி: வயது 34, எடை 68 கிலோ. 29 அங்குலச் சக்கரமுள்ள யூனிசைக்கிளில் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) தினமும் ஆறு கிலோமீட்டர் ஓட்டி அலுவலகம் போய்வருகிறேன். முதுகுப்பையில் லேப்டாப், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 9 கிலோ இருக்கும். திரும்பும்போது காய்கறி, மளிகை வாங்கினால் வலது கையில் ஒரு பை. அது 5 கிலோ வரை வரும். இரண்டு மாதமாக இடுப்பின் இடதுபக்கம் வலி. இறங்கியதும் பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போய், கால் மணி நேரத்தில் சரியாகிறது. சில நாள் வலது கட்டைவிரல் பக்கம் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. ஓட்டுவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்குச் சுமை எதுவும் வேண்டாம். வெறும் உடம்போடு, குறைந்த தூரம் மட்டும் ஓட்டுங்கள்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இடுப்பு வலியும் பிறப்புறுப்பு மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால், பழியை உடனே சீட்டின் மேல் போட்டுவிடக் கூடாது. கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) பெரிதாக விலகி அங்குள்ள நரம்புக் கொத்தை அழுத்தினாலும் இதே இடம்தான் மரத்துப்போகும். சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தாலோ, சிறுநீரோ மலமோ தெரியாமல் கசிந்தாலோ, இரண்டு கால்களிலும் வலி இறங்கினாலோ, பாதம் தொய்ந்தாலோ, வண்டியில் ஏறாத நாளிலும் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் சிறுநீர்ப்பை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். உங்களுக்கு ஓட்டியபின் மட்டும் வந்து கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. அதனால் சீட்டின் அழுத்தமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் நேரில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சைக்கிளில் உடல் எடையை ஹேண்டில்பார், சீட், பெடல் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். யூனிசைக்கிளில் கைகளுக்குப் பங்கே இல்லை. முதுகில் மாட்டிய 9 கிலோவும் சீட்டில்தான் இறங்குகிறது. அந்தப் பை உடலின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் மொத்த எடையின் மையம் ஏறக்குறைய இரண்டே கால் சென்டிமீட்டர் பின்னுக்குப் போகிறது. சக்கரம் அந்த மையத்துக்கு நேர் கீழே இருந்தால்தான் விழாமல் ஓட்ட முடியும். எனவே நீங்கள் அறியாமலே இடுப்பை மடக்கி முன்னால் சாய்கிறீர்கள். சாய்ந்ததும் சீட்டின் மேல்நோக்கி வளைந்த முன்முனை, உட்காரும் எலும்பை விட்டுவிட்டு அதற்கு முன்னாலுள்ள மென்மையான பகுதியில் அழுந்துகிறது. பிறப்புறுப்புக்குப் போகும் புடெண்டல் நரம்பும் இரத்தக் குழாயும் அங்கேதான் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்குகின்றன.

இடது இடுப்பு வலிக்கு வலது கைப் பைதான் காரணம் என்று நினைக்கிறேன். வலப்பக்கம் எடை தொங்கினால் உடல் அந்தப் பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது இடப்பக்கத் தசை. பை முதுகெலும்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. தசையோ சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கிறது. 5 கிலோவுக்கு ஈடுகொடுக்க அது பல மடங்கு விசையில் இழுத்தாக வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் இடமும் வலமுமாக நெளிவதால் பையும் கூடவே ஆடும். அதே 5 கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைவிட இது மிகவும் மோசம்.

கட்டைவிரல் ஊசிக் குத்தலுக்குப் பையின் தோள்பட்டி காரணமாக இருக்கலாம். பட்டி, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் மேல்பகுதியை அழுத்துகிறது. கையை மேலே தூக்கச் சிரமமாக இருந்தால், அல்லது சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் இறக்கைபோல் எழும்பினால் பையை அன்றே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி சுமையை எப்படி ஏற்றுவது? பலர் இடுப்புப் பட்டி உள்ள பை வாங்கினால் எல்லாம் தீரும் என்று நம்புகிறார்கள். தோளுக்கு அது உண்மையிலேயே நல்லது. எடை இடுப்பெலும்பில் உட்காரும், நரம்புப் பின்னல் தப்பிக்கும். ஆனால் சீட்டின் அழுத்தத்தில் ஒரு கிராம்கூடக் குறையாது. அது குறைய வேண்டுமானால் எடை உடம்பை விட்டு வண்டிக்கு மாற வேண்டும். இங்கிலாந்தின் எட் பிராட் 2015 முதல் 2018 வரை 36 அங்குல யூனிசைக்கிளில் உலகைச் சுற்றியபோது சுமையின் பெரும்பகுதியை வண்டியோடு பொருத்திய பைகளில்தான் கொண்டுபோனார். நீங்கள் தண்ணீர், பூட்டு, மளிகை ஆகியவற்றைச் சீட்டுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய சம எடையாகப் பிரித்துக் கட்டலாம். தொடையில் உரசக் கூடாது. பட்டியின் நுனி எதுவும் ஆரக்கம்பிக்கு எட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது வண்டி சற்று மந்தமாகும், ஏறுவதும் கடினமாகும். அதனால் 2 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள்.

லேப்டாப் முதுகிலேயே இருக்கட்டும். அது முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். பை இடுப்புக்குக் கீழே தொங்கினால் சீட்டில் இடிக்கும். மார்புப் பட்டியையும் மாட்டுங்கள். டிபன் பாக்ஸ், சார்ஜர் போன்ற கெட்டியான பொருள்கள் முதுகெலும்புக்கு நேராக இருந்தால் மல்லாக்க விழும்போது அவைதான் முதலில் குத்தும். குடை, கேமரா முக்காலி போன்ற நீளமானவற்றைச் செங்குத்தாக வையுங்கள். குறுக்கே கட்டினால், இடுப்பைத் திருப்பித் திசை மாற்றும் இந்த வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நீளம் எதிர்த்து நிற்கும்.

சீட்டின் உயரத்தையும் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து மிதித்தால், பெடல் அடியில் வரும்போது முழங்கால் நிமிர வேண்டும். சுமையோடு ஏறுவது எளிதாகட்டும் என்று ஒரேயடியாக இறக்கினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். சுமை நாள்களுக்கு 125 மில்லிமீட்டர் கிராங்கைவிட (பெடலைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) 150 மில்லிமீட்டர் வசதி. மேட்டில் உடலை முறுக்கித் தள்ள வேண்டியிராது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்றபடி பத்துப் பதினைந்து விநாடி ஓட்டுங்கள். நசுங்கிய குழாயில் இரத்தம் திரும்ப ஓட இதைவிட எளிய வழி இல்லை. மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை உதவும். அதற்குள் ஜட்டி போட வேண்டாம், தையல் அழுத்தும். இத்தனைக்குப் பிறகும் மரத்துப்போவது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆணுறுப்பின் விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கையில் மட்டும் எதையும் பிடிக்காதீர்கள். சுமையில்லாமல் விழுபவர் பெரும்பாலும் முன்னால் இரண்டடி ஓடி நின்றுவிடுவார். முதுகில் பை இருந்தால் அது உடலை முன்னால் தள்ளும், உள்ளங்கை ஊன்றும். கையில் பையும் இருந்தால் ஊன்றக்கூட வழியில்லை. மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள். சுமையோடு ஏறும்போது சுவரையோ கம்பத்தையோ பிடித்து ஏறுங்கள். விழுந்தபின் கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் தெரியும் பள்ளத்தில் அழுத்தி வலித்தால், முதல் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் மணிக்கட்டுக்குப் போட்ட கட்டை அவிழ்க்காதீர்கள். அங்குள்ள சிறு எலும்பின் விரிசல் சில சமயம் முதலில் தெரியாது. 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.