பென் மக்டூயி மலைக்கு எந்த வழியில் ஏறுவது நல்லது?

ஸ்காட்லாந்தின் பென் மக்டூயிக்கு வடக்கிலிருந்து ஏறலாமா, தெற்கிலிருந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கோடைக்காலத்தில் ஒரு முழு நாள் கையில் இருந்தால், தெற்கு வழிதான் என்பேன்.

1,309 மீட்டர் உயரம். பிரிட்டனில் பென் நெவிஸுக்கு அடுத்த மலை இது. வடக்கே, அவிமோர் பக்கத்துப் பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்துமிடமே 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால் பாதி உயரத்தைக் காரிலேயே ஏறிவிடுகிறோம். போய்வர சுமார் 17 கிலோமீட்டர், பாதையும் தெளிவு. இந்தச் சுலபம்தான் எனக்குக் கவலை. மேலே போனதும் நிலம் அகலமாக விரிந்துவிடும். மூடுபனி இறங்கினால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும். மேற்கே லாரிக் க்ரூ கணவாய்க்குச் சரியும் செங்குத்து. கிழக்கே லாக் ஆன் ஏரிக்கு மேலே வழுக்குப் பாறைகள். 1971 நவம்பரில் பனிப்புயலில் சிக்கி ஐந்து பள்ளிப் பிள்ளைகளும் உடன் சென்ற இளம் பயிற்சியாளரும் இறந்தது இந்த மேட்டில்தான். வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரியாமல் அங்கே போகாதீர்கள். போனை மட்டும் நம்ப வேண்டாம், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

தெற்கு வழி பிரேமர் ஊருக்கு மேற்கே, டீ ஆற்றங்கரையில் உள்ள லின் ஆஃப் டீ என்ற இடத்தில் தொடங்குகிறது. போய்வர 30 கிலோமீட்டர் அளவுக்கு வரும். டெரி லாட்ஜ் வரை அகலமான மண்பாதை, பலர் அதுவரை சைக்கிளில் போவார்கள். அப்புறம் பழைய பைன் மரங்களுக்கு நடுவே டெரி பள்ளத்தாக்கு. மெல்ல மரங்கள் குறைந்து, ஹட்சிசன் குடில் தாண்டி ஏறினால் லாக் எட்சாகன். 900 மீட்டருக்கு மேல் அவ்வளவு பெரிய ஏரி! எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் அது. இப்படி ஒவ்வொரு படியாக உயர்ந்து வரும்போதுதான் மலையின் அளவு புரியும்.

ஏரிக்கு மேலே கற்கள்தான். உறைபனி காலங்காலமாக உடைத்துப் போட்ட கிரானைட் பாறைகள். ஈரமாக இருந்தால் வழுக்கும், சில ஆடவும் செய்யும். கால் வைத்துப் பார்த்துவிட்டு எடையை மாற்றுங்கள். உச்சிக்குச் சற்றுக் கிழக்கே ஒரு இடிந்த கல்குடிசை வரும். 1840களில் நில அளவை செய்ய வந்த ராணுவத்தினர் தங்கிய இடம். உச்சியில் சுற்றியுள்ள மலைகளின் பெயர் பொறித்த திசைப்பலகை, 1925இல் வைத்தது.

இறங்குவதற்கு ஸ்ரோன் ரீயாக் முகடு வழியாக டெரி லாட்ஜுக்கு அருகிலுள்ள லூய்பெக் பள்ளத்தாக்குப் பக்கம் வரலாம், காட்சி அருமை. ஆனால் மேகம் மூடியிருந்தால் அதை விட்டுவிட்டு, ஏறி வந்த எட்சாகன் பாதையிலேயே திரும்புங்கள்.