திருமண சமத்துவம், அரசு ஊழியர் சங்க உரிமை: இரண்டிலும் உங்கள் சொந்தக் கருத்து என்ன?

ஒரே பாலினத்தவரும் சட்டப்படி மணந்துகொள்வது, அரசு ஊழியர்கள் சங்கம் வைத்து உரிமை கேட்பது: இரண்டுக்கும் ஆதரவுதான். ஆனால் ஒன்றை ஆதரிக்கிறவர்களிடம் மற்றதைப் பற்றிக் கேட்டால் நெளிகிறார்கள். எங்கள் சங்கத்திலேயே அதைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். சங்க உறுப்பினர். ஊரில் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலமும் இருக்கிறது. அந்த நிலம் பின்னால் வரும்.

முதலில் அம்மா கதை. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. 2003 ஜூலை 2 அன்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வூதியச் சலுகைகளில் அரசு கைவைத்ததுதான் முக்கியக் காரணம். 4ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. விசாரணை கிடையாது, விளக்கம் கேட்பதும் கிடையாது. சுமார் 1.7 லட்சம் பேருக்கு வேலை போனது. அவர்களில் அம்மாவும் ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி விதியை மீற மாட்டேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அந்தக் கடிதத்தை அம்மா கூடத்தில் உட்கார்ந்து எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைத்தாளை மடித்து ஓரம் விட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுக்கிற அதே அமைப்பு. ‘பொருள்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. “பொருள்னு என்னங்க போடுறது?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசியில் ‘பணியில் சேர அனுமதி வேண்டுதல்’ என்று போட்டார். மன்னிப்பு என்ற சொல் மூன்றாவது பத்தியில்தான் வந்தது.

2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. முதல் இரண்டை மனசில்லாமல் ஒத்துக்கொள்வேன். சங்கம் வைக்கலாம், ஆனால் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று 1961இல் வங்கி ஊழியர் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். நடத்தை விதியிலும் தடை இருக்கிறது. மூன்றாவதுதான் எனக்குச் செரிக்கவே இல்லை. அம்மாவுக்குத் தார்மீகம் உண்டா இல்லையா என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா சொல்வது?

கூலியில் கொஞ்சம் உயர்வு கேட்டதற்குக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்த மண் இது. இங்கே ‘சங்கம்’ என்பது சந்தா ரசீது மட்டுமல்ல.

சரி, நிலத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு சம்பா அறுவடை சமயத்தில் எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்குகிறவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலிப் பிரச்சினை. என் நெல் களத்தில் குவியலாகக் கிடந்தது. மாசியில் வரக்கூடாத மழை வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடினோம். அடியில் தண்ணீர் ஊறி, மூன்றாம் நாள் குவியலின் ஓரத்தில் கையை விட்டால் சூடாக இருந்தது, நெல் முளை கட்டியிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு நானும் எல்லோரையும் போல அவர்களைத் திட்டினேன். 40 கிலோ சிப்பத்தைத் தோளில் ஏற்றி லாரிக்குப் படியேறுகிறவருக்கு மூட்டைக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்தது அப்புறம்தான்.

அதனால் ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்று நான் சொல்ல மாட்டேன். முன்னறிவிப்பு வேண்டும், அறுவடை, மருத்துவமனை, குடிநீர் போன்றவற்றுக்கு விதிவிலக்கு வேண்டும். ஆனால் நிறுத்தாதே என்று சொல்கிற அரசு, இரு தரப்பும் ஏற்றே ஆகவேண்டிய முடிவைச் சொல்கிற ஒரு நடுவரிடம் போகவாவது வழி விட வேண்டும். கதவையும் சாத்திவிட்டு, தட்டுவதும் குற்றம் என்றால் எப்படி? சங்கம் அமைப்பது, கூட்டுப் பேரம் பேசுவது பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி திருமணம். என் பாட்டிக்கு 1955இல் மன்னார்குடி பக்கம் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டியதோடு சரி. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், தெய்வானை ஆச்சி வழக்கில், அப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்டு, முன்பு நடந்தவையும் செல்லும் என்று ஆகிற வரைக்கும், என் பாட்டி சட்டப்படி யாருடைய மனைவியும் இல்லை. மூன்று பிள்ளை பெற்றாயிற்று. இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னது: “தாலி கழுத்துல இருந்துச்சு, புருஷன் வயல்ல இருந்தாரு. சட்டம் எங்க இருந்துச்சுன்னு யாரு பாத்தா?”

ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் ‘நம்ம வழக்கத்துல இல்லையே’ என்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் நடந்த கல்யாணமே ஒரு காலத்தில் வழக்கத்தில் இல்லாததுதான்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் அடிப்படை உரிமை அல்ல, இதை நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் பக்கத்து நீதிமன்றம் கொஞ்சம் தாராளம். 2019இல் தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று மதுரைக் கிளை சொன்னது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது. நல்ல வார்த்தைகள்தான். படிவத்தில் அதற்கு இன்னும் கட்டம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா. (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) 2003க்கு முன்பே சேர்ந்தவர், எனவே பழைய ஓய்வூதியம். இன்னொரு பெண்ணோடு பல வருஷமாக ஒரே வீட்டில் வாழ்கிறார். அலுவலகத்தில் ‘தோழி’ என்போம். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. குடும்ப விவரப் படிவம் நிரப்ப என் மேசைக்கு வந்தவர், சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்: “நான் போயிட்டா அவளுக்கு என்னடா வரும்?”

விதியைப் பார்த்துத்தான் சொன்னேன். வங்கிக் கணக்கில் நாமினியாக நியமிக்கலாம், 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவாக்கிவிட்டது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லியும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். ஊழியர் இறந்தபின் குடும்பத்துக்குப் போகிற குடும்ப ஓய்வூதியம் மட்டும் வராது. அது கணவன், மனைவி, பிள்ளைகள் என்று போகிறது. நாம் விரும்பிய பெயரை எழுதுகிற இடம் இல்லை. அக்கா தலையாட்டிவிட்டு, திருமண நிலை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல அழுத்தமான கையெழுத்து.

இவரும் மாதாமாதம் சந்தா கட்டுகிற உறுப்பினர்தான். ஓய்வூதியத்துக்காக இருபது வருஷமாகக் கொடி பிடிக்கிற சங்கம், இவருடைய ஓய்வூதியத்துக்கு ஏன் வாய் திறக்கவில்லை? கிளைக் கூட்டத்தில் கேட்டேன். ஒருவர் சிரித்தார். செயலாளர் நல்ல மனிதர், 2003இல் சிறைக்குப் போனவர். “அதெல்லாம் அப்புறம் பாப்போம் தம்பி, முதல்ல அகவிலைப்படி” என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

வாயால் சொன்னால் போதாது என்று தீர்மான வரைவாக எழுத உட்கார்ந்தேன். ‘பொருள்’ என்ற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். ‘குடும்ப ஓய்வூதியத்தில் குடும்பம் என்பதற்கான விளக்கத்தை விரிவாக்கக் கோருதல்’ என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் இன்னும் ஏறவில்லை.