சுற்றுச்சூழலில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்தப் பொறியியல் பிரிவு?

மகள் சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மெக்கானிக்கல், சிவில், கம்ப்யூட்டர் எடுத்தால்தான் பிழைப்பு என்கிறீர்கள் நீங்கள். சுற்றுச்சூழலைக் கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் பிரிவுகளில் படித்தவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் என்ஜினில் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் (நாக்கிங்) வராது என்று 1921-இல் கண்டுபிடித்த குழுவில் முக்கியமானவர் தாமஸ் மிட்ஜ்லி. அவர் படித்தது மெக்கானிக்கல். ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். கார்களுக்கான ஈய பெட்ரோல் உலகில் அடியோடு நின்றது 2021-இல். நூறு வருஷம்! ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் 2015-இல் பிடிபட்டதோ மென்பொருள். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் புகையை அடக்கும், சாலைக்கு வந்ததும் விட்டுவிடும். அதை உருவாக்கியவர்களும் பொறியாளர்களே. சிறைக்குப் போனவர்களும் உண்டு.

நல்லது செய்யும் இடமும் அங்கேயேதான். சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் அதிலிருந்து வருகிறது. சூளையில் எரியும் எரிபொருளைவிட, சூட்டில் சுண்ணாம்புக்கல் பிரியும்போது வெளியாகும் வாயுதான் அதிகம். ஆகவே எரிபொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை. சூளையில் வெந்து வரும் கிளிங்கர் என்ற கட்டியை அரைத்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள்; அந்தக் கிளிங்கரைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பு உலைக் கசடையும் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்க்கலாம், கான்கிரீட் வலுப்பெற எத்தனை நாள் கூடும் என்று கணக்குப் போடுபவர் சிவில்காரர்.

அப்படியானால் சுற்றுச்சூழல் பொறியியல் வேண்டாமா? குடிநீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, காற்று மாசு, குப்பை மேலாண்மை பிடித்திருந்தால் தாராளமாகச் சேரட்டும். வெறுமனே இயற்கை பிடிக்கும் என்றால் சற்று நிதானியுங்கள். பாடமெல்லாம் வேதியியலும் நுண்ணுயிரியலும் திரவ இயக்கவியலும்தான். சிவிலோ கெமிக்கலோ முடித்து முதுநிலையில் இதை எடுக்கலாம். என் ஓட்டு அதற்கே.

அப்புறம், கல்லூரி பார்க்கப் போகும்போது வளாகத்தின் பசுமையைப் பார்த்து மயங்க வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். ஒரு பம்பு செய்திருந்தால், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும், பழுதானால் கழற்றிச் சரிசெய்ய முடியுமா, கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால், ஏன் என்று துறைத் தலைவரிடம் மகளே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.